ஷார்ட் ஃபிலிம் எடுத்தே கேமராவும் எடிட்டிங்கும் கற்பது எப்படி? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கும் மாணவர்கள் ஏதாவது ஒரு செமஸ்டரில் குறும்படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்த குழு, இரவல் வாங்கிய கேமரா, ஆளுக்குக் கொஞ்சம் போட்ட காசு, ஒப்படைக்க ஒரு தேதி. அப்படி எடுக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எடுத்ததைப் பார்ப்பதும் வெட்டுவதற்குத் துணை நிற்பதும் என் வேலை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கல்லூரிப் பக்கமே போகாமல், கையிலிருக்கும் போனில் படம் எடுக்க நினைப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

யூடியூபில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. படம் எடுத்துத்தான் கற்க வேண்டுமா?

பாடம் பார்த்தால் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதை எப்போது அழுத்த வேண்டும் என்பது படம் எடுத்தால்தான் தெரியும். எடுத்ததை வெட்ட உட்காரும்போது, ‘இந்த இடத்தில் அவள் கையை ஒரு க்ளோஸ் எடுத்திருந்தால் காட்சி நின்றிருக்குமே’ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அடுத்த ஷூட்டிங்கில் யாரும் சொல்லாமலே அந்த க்ளோஸை எடுத்துவிடுவீர்கள். கேமரா கற்றுக்கொள்வது பாதி எடிட்டிங் டேபிளில்தான் நடக்கிறது.

அதனால்தான் ‘நான் கேமரா மட்டும்’, ‘நான் எடிட்டிங் மட்டும்’ என்று முதல் படத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். பாலு மகேந்திரா புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு படித்தவர். தான் இயக்கிய படங்களுக்குத் தானே ஒளிப்பதிவும் செய்தார், படத்தொகுப்பும் செய்தார். எல்லோரும் கடைசிவரை அப்படியே இருக்க வேண்டியதில்லை. ஆனால் எடுத்தவர் ஒருமுறையாவது தன் கையால் வெட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எங்களிடம் பெரிய கதை இருக்கிறது. சார் குறைக்கச் சொல்கிறாரே?

குறைத்துவிடுங்கள். இரண்டு பேர், ஒரே இடம், பகல் வெளிச்சம், ஐந்தாறு நிமிடம். பிளாஷ்பேக், கனவு, கொலை, மழை இதெல்லாம் அடுத்த படத்துக்கு இருக்கட்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், பின்னால் வரும் பதில்களிலும் இதையே வைத்துப் பேசலாம். கல்லூரி வாசலில் ஒரு டீக்கடை. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் மாணவன் ஒருவன் கடைசியாக டீ குடிக்க வருகிறான். கடைக்கார அண்ணனின் கணக்கு நோட்டில் அவன் பெயரில் பாக்கி இருக்கிறது. அவனிடம் அவ்வளவு காசு இல்லை. அவருக்கும் அது தெரியும். அண்ணன் நோட்டை எடுக்கிறார். இவ்வளவுதான் கதை. இதில் கைகள் இருக்கின்றன, நோட்டு இருக்கிறது, ஆவி பறக்கும் கிளாஸ் இருக்கிறது, கேமராவுக்கு வேண்டிய வேலை இருக்கிறது. இரண்டு பேரும் பேசாமல் இருக்கும் நேரம் இருக்கிறது, அது எடிட்டருக்கு. கற்றுக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

எந்தக் கேமரா வாங்கலாம்?

வாங்காதீர்கள். போன் இருந்தால் போனில் எடுங்கள். கல்லூரியில் டி.எஸ்.எல்.ஆர். கொடுத்தால் அதில் எடுங்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதென்றால் சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

லென்ஸ் பற்றி மட்டும் ஒன்று. எல்லோரும் 50 எம்.எம். லென்ஸ்மேல் ஆசைப்படுகிறார்கள். விலையும் குறைவு, பின்னணி மங்கலாகி அழகாகவும் தெரியும். ஆனால் கல்லூரிகளில் இருக்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சிறியது. அதில் 50 எம்.எம். ஏறக்குறைய 75, 80 எம்.எம். போல நெருக்கமாகக் காட்டும். பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் இரண்டு பேரை ஒரே ஃப்ரேமில் கொண்டுவருவது கஷ்டம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸைக் குறைவாக நினைக்க வேண்டாம். உள்ளறைக் காட்சிகளில் அதுதான் காப்பாற்றும்.

கேமராவில் என்னென்ன செட் பண்ண வேண்டும்?

முதலில் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் விட்டால், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பின்னால் நடந்து போனாலே படம் இருட்டாகித் திரும்ப வெளிச்சமாகும். அதை எந்த எடிட்டராலும் சரிசெய்ய முடியாது.

ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 25 என்று வையுங்கள். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 நொடி என்று வையுங்கள். இதற்குக் காரணம் நம் ஊர்க் கரண்ட். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பெரும்பாலான போன்கள் நொடிக்கு 30 ஃப்ரேம் என்ற கணக்கில் வருகின்றன. அதில் ஷட்டர் 1/60-ஆக இருந்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. 24 ஃப்ரேமில் எடுத்தாலும் ஷட்டர் 1/50 தான். எதை வைத்தாலும் சரி, படம் முழுக்க ஒன்றையே வையுங்கள்.

ஷட்டரை இப்படிக் கட்டிப்போட்டுவிட்டால், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் மிச்சமிருப்பது அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஐ.எஸ்.ஓ.வும் (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு). வெயிலில் இரண்டும் போதாது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போல லென்ஸுக்கு என்.டி. ஃபில்டர் என்று ஒன்று உண்டு, அதைப் போட வேண்டும்.

ஒயிட் பேலன்ஸையும், அதாவது எந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதையும், எண் கொடுத்து நிறுத்துங்கள். வெயிலுக்கு 5600 கெல்வின், பழைய மஞ்சள் பல்புக்கு 3200. ஆட்டோவில் விட்டால் ஒரே காட்சியில் முகம் ஒரு ஷாட்டில் நீலமாகவும் அடுத்த ஷாட்டில் மஞ்சளாகவும் இருக்கும்.

போனில் எடுப்பவர்கள் கவனிக்க: போனின் சொந்தக் கேமரா ஆப் இந்தக் கட்டுப்பாடுகளில் பலவற்றைத் தராது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டில் குறிப்பிட்ட சில போன்களுக்கும் இருக்கிறது. அதில் ஷட்டர், ஐ.எஸ்.ஓ., ஒயிட் பேலன்ஸ் எல்லாம் உங்கள் கையில்.

லைட் வாடகைக்கு எடுக்கக் காசு இல்லை.

சூரியன் இருக்கிறது, தெர்மாகோல் இருக்கிறது. பெரிய யூனிட்களிலும் தெர்மாகோல் இல்லாமல் வேலை நடக்காது. ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் விழட்டும். மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் தெர்மாகோலைக் காட்டி வெளிச்சத்தைத் திருப்புங்கள். வெயில் நேராக அடிக்கும் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் மென்மையாகும்.

ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிறமும் கலந்தால் தோலின் நிறம் கெட்டுப்போகும். வெளியில் எடுப்பதென்றால் காலை ஆறிலிருந்து எட்டரை, சாயங்காலம் நாலரைக்கு மேல். நம் ஊர் உச்சி வெயிலில் எல்லார் கண்ணும் குழி விழுந்த மாதிரி தெரியும். அந்த நேரத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உள்ளறைக் காட்சிகளை எடுங்கள்.

ஒரு காட்சியை எத்தனை ஷாட்டாகப் பிரிப்பது?

டீக்கடைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். முதலில் கேமரா இல்லாமல் ஒரு மானிட்டர், அதாவது ஒத்திகை, பாருங்கள். நடிப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த வரியில் நோட்டை எடுக்கிறார்கள் என்பது முடிவானால்தான் கேமராவை வைக்கும் இடம் தெரியும்.

பிறகு மாஸ்டர். அண்ணனும் மாணவனும் சேர்ந்து தெரியும் வைட், காட்சி முழுவதும், இடையில் நிறுத்தாமல். அடுத்து மாணவனின் தோள் முன்னால் தெரிய அண்ணன்மேல் ஒரு சஜஷன் ஷாட். அதேபோல மறுபக்கம் மாணவன்மேல். பிறகு இருவருக்கும் தனித்தனி க்ளோஸ். கடைசியில் நோட்டுப் பக்கம், டீ கிளாஸ், சட்டைப் பையைத் தடவும் விரல்கள் என்று மூன்று இன்சர்ட். மொத்தம் எட்டு ஷாட். ஒரு காலைப் பொழுதில் நிதானமாக எடுத்துவிடலாம்.

இதில் உயிரான விஷயம், ஒரே அசைவு பல ஷாட்களில் இருப்பது. அண்ணன் குனிந்து நோட்டை எடுப்பதை மாஸ்டரில் எடுத்தாகிவிட்டது என்று சஜஷனில் விட்டுவிடாதீர்கள். அதிலும் குனிய வேண்டும், எடுக்க வேண்டும். கை பாதி வழியில் இருக்கும்போது வைடிலிருந்து சஜஷனுக்கு வெட்டினால், பார்ப்பவர் கண் அந்தக் கையோடு போய்விடும். வெட்டியதே தெரியாது. கை அசையாமல் இருக்கும்போது வெட்டினால் அதே வெட்டு துருத்திக்கொண்டு தெரியும். இதை ஒரே நாளில் எடுத்து, அன்றைக்கு ராத்திரியே இரண்டு விதமாகவும் வெட்டிப் பாருங்கள்.

அடுத்தது கன்டினியூட்டி. டீக்கடைக் காட்சியில் கிளாஸ்தான் எதிரி. மாஸ்டரில் கிளாஸ் நிறைய டீ. க்ளோஸ் எடுக்கும்போது பாதிக்கு இறங்கிவிட்டது. மேலே நுரை இல்லை, ஆவியும் போய்விட்டது. இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டினால் டீ ஏறி ஏறி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் புது டீ ஊற்றித்தான் ஆக வேண்டும், கடைக்காரரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் இதற்கென்றே இருக்கட்டும். டேக் முடிந்ததும் போனில் ஒரு படம், நோட்டில் ஒரு வரி: ‘“எவ்வளவுண்ணே ஆச்சு” என்று கேட்கும்போது கிளாஸ் வலது கையில்.’

‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு ஐந்து நொடி முன்பே ரெக்கார்டிங் ஓடட்டும். ‘கட்’ சொன்ன பிறகும் ஐந்து நொடி ஓடட்டும். நடிப்பவர் வசனம் முடிந்து சும்மா நிற்கும் அந்த நொடிகளில் கிடைக்கும் பார்வைகள், எடிட்டிங்கில் தங்கம்.

எதற்கும் இருக்கட்டும் என்று நிறைய எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

நிறைய எடுப்பதும் தேவையானதை எடுப்பதும் வேறு. 35 எம்.எம். ஃபிலிம் காலத்தில் 400 அடி ரோல் ஒன்று நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஓடும் ஒவ்வொரு அடிக்கும் காசு. அதனால் கேமராவை ஓடவிடுவதற்கு முன்பே எல்லோரும் யோசித்தார்கள். இன்றைக்கு மெமரி கார்டு தீராது, யோசிப்பதுதான் தீர்ந்துபோகிறது. ஒரே ஆங்கிளில் பத்து டேக் எடுப்பதற்குப் பதில், மூன்று டேக் எடுத்துவிட்டு ஆங்கிளை மாற்றுங்கள். எடிட்டருக்குத் தேவை வேறு ஷாட்கள். அதே ஷாட்டின் பத்தாவது நகல் அவருக்கு உதவாது.

இமேஜினரி லைன் என்கிறார்களே, அது என்ன?

பேசிக்கொள்ளும் இருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அண்ணன் எப்போதும் வலப்பக்கம் பார்ப்பார், மாணவன் இடப்பக்கம் பார்ப்பான். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல ஆகி, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று குழம்பும். வேண்டுமென்றே தாண்டும் இயக்குநர்கள் உண்டு. முதல் படத்தில் தாண்டாதீர்கள்.

படம் நன்றாக இருக்கிறது, சவுண்ட்தான் சரியில்லை. டப்பிங் பண்ணிவிடலாமா?

மாணவர் படங்களில் பாதி இந்த ஒரு காரணத்தால் விழுகின்றன. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் போனை எடுத்துவிடுவார்கள். தமிழ் சினிமாவில் டப்பிங் பழக்கம் வேரூன்றியதுதான், ஆனால் அங்கே தியேட்டர் இருக்கிறது, இன்ஜினியர் இருக்கிறார், பழகிய குரல் இருக்கிறது. ஹாஸ்டல் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசியது டீக்கடையில் பேசியது போல இருக்காது. உதடும் சேராது. லொகேஷனிலேயே ஒழுங்காகப் பிடித்துவிடுங்கள்.

கேமராவில் இருக்கும் மைக்கை நம்பாதீர்கள், அது தூரத்தில் இருக்கிறது. சட்டைக்குள் குத்தும் சின்ன காலர் மைக் ஒன்று வாங்குங்கள். கேமரா வாடகையில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஃப்ரேமுக்கு வெளியே முடிந்தவரை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். சவுண்டைத் தனியாகப் பிடித்தால் ஒவ்வொரு டேக்கிலும் கிளாப் அடியுங்கள். கிளாப் பலகை இல்லையென்றால் கேமராவுக்கு முன்னால் இரண்டு கையையும் தட்டினால் போதும். படத்தில் கை சேரும் ஃப்ரேமையும் ஆடியோவில் அந்த ‘டப்’பையும் ஒன்றாக வைத்தால் சிங்க் ஆகிவிடும்.

ஒருவர் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும். நம் காதுக்கு ஃபேன் சத்தம் பழகிவிட்டது, மைக்குக்குப் பழகவில்லை. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். யார் வீட்டிலாவது எடுக்கும்போது ஃபிரிட்ஜை நிறுத்தினால், உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடி வந்து மறக்காமல் போட்டுவிடுவீர்கள். சத்தத்தின் அளவு சராசரியாக மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். மேலே பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் குரல் கிழியும், கிழிந்ததைத் தைக்க முடியாது.

ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்புமுன் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பிடியுங்கள். பாய்லர் இரைச்சல், தூரத்து பஸ் ஹாரன், காக்கை. வெட்டும்போது வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை இதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். டீ ஆற்றும் சத்தத்தைத் தனியாகப் பிடிக்க மறக்காதீர்கள்.

ஃபுட்டேஜை எப்படிப் பத்திரப்படுத்துவது?

கார்டிலிருந்து இரண்டு இடங்களில் காப்பி போடுங்கள். இரண்டையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகுதான் கார்டை அழிக்கலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பையில் போகக் கூடாது. கணக்குக்கு: நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் நிமிடத்துக்கு 750 எம்.பி., ஒரு 64 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய 85 நிமிடம்.

எந்த சாஃப்ட்வேர்? என் லேப்டாப் திணறுகிறதே?

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மாணவர் படத்துக்குத் தாராளம். வெட்டுதல், கலர், சவுண்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது. 4கே அளவு வரை வெளியே எடுக்கலாம். கல்லூரியில் பிரீமியர் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். ஒன்றில் கற்றது இன்னொன்றுக்கும் உதவும். காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் கிராக் போட்டு வைரஸை வீட்டுக்குள் அழைத்துவர வேண்டிய அவசியமே இன்றைக்கு இல்லை.

லேப்டாப் திணறினால் ப்ராக்ஸி போடுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு நகலை சாஃப்ட்வேரே செய்துகொள்ளும். வெட்டுவதெல்லாம் நகலில், கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல். போனில் எடுத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும்: பேசுவதும் உதடும் போகப்போக விலகும். பல போன்கள் ஃப்ரேம் ரேட்டை ஒரே சீராக வைப்பதில்லை என்பதே காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு ஒரே ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு வெட்ட ஆரம்பியுங்கள்.

எடிட்டிங்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

எதையும் வெட்டாமல், எடுத்தது எல்லாவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதிலிருந்து. என்.ஜி. (நோ குட், அதாவது சரியில்லை) என்று ஒதுக்கியதையும் பாருங்கள். உங்களை அறியாமல் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களோ அதைக் குறித்து வையுங்கள். பத்தாவது முறை பார்க்கும்போது அந்த உணர்வு வராது, முதல் முறை குறித்ததுதான் பிற்பாடு வழிகாட்டும்.

பிறகு கதை வரிசையில் அடுக்குங்கள். மூன்றே விசை பழகினால் வேகம் வந்துவிடும்: ஜே பின்னால் ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னால் ஓட்டும். முதலில் வரும் ரஃப் கட் நீளமாகவும் அசிங்கமாகவும் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். அதில் கலரும் மியூசிக்கும் போட்டு அழகுபடுத்த ஆசை வரும். போடாதீர்கள். இசையைப் போட்டால் லேக் அடிக்கும் இடம் தெரியாமல் மறைந்துவிடும். வெறும் வசனத்தோடு ஓட்டி, எந்த இடத்தில் சலிப்பு வருகிறதோ அங்கே குறையுங்கள். இனி எந்த வெட்டும் மாறாது என்று படத்தைப் பூட்டிய பிறகு சவுண்ட், அதற்குப் பிறகு கலர்.

எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும்?

பேசுபவர் முகத்தையே காட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதில் ஆரம்பியுங்கள். டீக்கடையில் அண்ணன் நோட்டைப் புரட்டிக்கொண்டே ‘ஊருக்குப் போய் என்னடா பண்ணப் போற?’ என்கிறார். புதிதாக வெட்டுபவர்கள் அந்தக் கேள்வி முழுவதையும் அண்ணன் முகத்தில் வைத்துவிட்டு, முடிந்ததும் மாணவனுக்குப் போவார்கள். டென்னிஸ் ஆட்டம் போல அங்கும் இங்கும் போய்வரும். ‘ஊருக்குப் போய்’ என்றதுமே மாணவனின் க்ளோஸுக்கு வாருங்கள். கேள்வியின் மிச்சம் அவன் முகத்தின்மேல் ஓடட்டும். அவன் பாக்கியைப் பற்றிய கேள்வியை எதிர்பார்த்து நின்றவன். அது வராமல் வேறு கேள்வி வருகிறது. காட்சி அந்த முகத்தில் இருக்கிறது. இப்படிப் படம் மாறிய பிறகும் பழைய ஷாட்டின் சத்தம் தொடர்வதை எல் கட் என்பார்கள். அடுத்த ஷாட்டின் சத்தம் முதலில் வந்து படம் பிறகு வந்தால் ஜே கட்.

இன்னொரு பயிற்சி. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு தட்டு சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றுதான், ஆனால் பசி, துக்கம், ஆசை என்று பார்த்தவர்கள் வெவ்வேறாகப் படித்தார்கள். நண்பனின் முகத்தை எந்த பாவமும் இல்லாமல் பத்து நொடி எடுங்கள். அதன் பிறகு ஒருமுறை காலி டீ கிளாஸை ஒட்டுங்கள், ஒருமுறை கிழிந்த நோட்டுப் பக்கத்தை ஒட்டுங்கள். படத்தைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். நடிப்பவரை மிகையாக நடிக்கவைக்கும் ஆசை அன்றோடு போய்விடும்.

கலர் கிரேடிங், லாக், சினிமாட்டிக் லுக்?

லாக் என்பது, பின்னால் நிறத்தை இழுத்துச் சரிசெய்வதற்காக வெளிறிய நிறத்தில் பதிவு செய்யும் முறை. முதல் படத்தை அதில் எடுக்காதீர்கள். நிறத்தின் படிகளைக் குறைவாகப் பதியும் 8 பிட் கேமராவில் லாக் எடுத்து இழுத்தால் வானமும் தோலும் திட்டுத்திட்டாகும். எல்லா ஷாட்டிலும் ஒருவர் முகம் ஒரே நிறத்தில் இருந்தால் கலர் முடிந்தது.

சினிமாப் பாட்டை பின்னணியில் போடலாமா?

கூடாது. உரிமை இசை நிறுவனத்திடமோ இசையமைப்பாளரிடமோ இருக்கும். யூடியூபில் ஏற்றிய சில நிமிடங்களில், உரிமையுள்ள பாட்டைத் தானாகவே தேடும் அதன் கன்டென்ட் ஐ.டி. கண்டுபிடித்துவிடும். விழாக்களும் உரிமைக் கடிதம் கேட்கும். டீக்கடை ரேடியோவில் தற்செயலாக ஓடும் பாட்டும் இதில் சேரும், எடுக்கும்போது அணைக்கச் சொல்லுங்கள். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. அதைவிட, பக்கத்து டிபார்ட்மென்டில் கீபோர்டு வாசிக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார், போய்க் கேளுங்கள்.

குழுவில் எல்லோருக்கும் டைரக்டர் ஆசை. சண்டை வருகிறது.

எடுப்பதற்கு ஒருவர்தான் டைரக்டர். அதில் பேச்சே இல்லை. ஆனால் வெட்டுவதற்கு ஃபுட்டேஜை ஐந்து பேருக்கும் காப்பி போட்டுக் கொடுங்கள். ஒரே காட்சியை ஆளுக்கொன்றாக, ஒருவர் மற்றவர் வேலையைப் பார்க்காமல் வெட்டிக்கொண்டு வரட்டும். எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தால் ஒரே எட்டு ஷாட்டில் ஐந்து கதை இருக்கும். ஒருவர் படத்தில் அண்ணன் நல்லவர், இன்னொருவர் படத்தில் அவர் கறாரானவர். நான் பார்த்தவரை மாணவர்கள் அதிகம் கற்றுக்கொள்வது இந்த ஒரு மணி நேரத்தில்தான். சண்டையும் பெரும்பாலும் இதோடு அடங்கும்.

குழுவில் நான் மட்டும் பெண். எனக்கு காஸ்ட்யூமும் கன்டினியூட்டியும்தான் தருகிறார்கள். கேமரா கைக்கு வரவில்லை.

இதை ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. கேமரா எடையைக் காரணம் சொல்வார்கள், ட்ரைபாட் எதற்கு இருக்கிறது? ‘நீ எழுத்து நல்லா அழகா எழுதுவ’ என்று கன்டினியூட்டி நோட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஷூட்டிங் நாளில் கேட்டால் கிடைக்காது. ஷாட் பிரிக்கும் கூட்டத்திலேயே ‘இந்தக் காட்சியின் மாஸ்டரும் இரண்டு க்ளோஸும் நான் எடுக்கிறேன்’ என்று பெயரைப் போட்டு எழுதுங்கள். அதை வழிகாட்டும் ஆசிரியருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மதிப்பெண் போடும்போது யார் எந்த ஷாட்டை எடுத்தார்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்தாலே கேமரா கை மாறும்.

பொது இடத்தில் எடுக்க அனுமதி வேண்டுமா?

ரயில் நிலையம், மெட்ரோ, விமான நிலையம் இங்கெல்லாம் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கடற்கரை, பூங்கா, பெரிய சாலைகளில் கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்து அனுமதி வாங்கிவிடுங்கள். டம்மி துப்பாக்கி, கத்தி, ரத்தம் வெளியில் வேண்டவே வேண்டாம். பார்ப்பவர்களுக்கு அது படமென்று தெரியாது. டீக்கடைக்காரருக்குக் காலை வியாபாரம் முக்கியம், கூட்டம் ஓய்ந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தால்தான் ஆகுமா?

கட்டாயமில்லை. ஆனால் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். புனே இன்ஸ்டிடியூட் 1960-இல் தொடங்கியது, கொல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரில் உள்ளது 1995-இல். மூன்றிலும் ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நுழைவுத் தேர்விலும் நேர்முகத்திலும் நீங்கள் முடித்த சின்னப் படம் ஒன்று இருந்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

படம் முடிந்தது. உடனே யூடியூபில் போட்டுவிடலாமா?

விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் பொறுங்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் உண்டு. லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் கேம்பஸ் படங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மும்பை சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவிலும் மாணவர் படத்துக்குப் பரிசு உண்டு.

தமிழ் தெரியாதவர்கள் பார்ப்பார்கள் என்பதால் ஆங்கில சப்டைட்டில் வேண்டும். ‘என்னடா பண்ணப் போற’ என்பதில் இருக்கும் உரிமையை ஆங்கிலத்தில் கொண்டுவருவது கஷ்டம். அதனால் இதை கடைசி ராத்திரிக்குத் தள்ளாமல் இரண்டு நாள் ஒதுக்குங்கள். சப்டைட்டிலைத் தனிக் கோப்பாகச் செய்து, எழுத்து இல்லாத சுத்தமான பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள். தேர்வானதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பெயர்ப் பட்டியலில் டீக்கடைக்காரர் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள், திரையிடலுக்கு அவரையும் கூப்பிடுங்கள்.